மிஷனரிக்குக் கற்க நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேறு மொழி பேசும் மக்களிடம் மிஷனரிகளை அனுப்பும் சபைகளின் கவனத்துக்காக இதை எழுதுகிறோம். வேதாகமப் படிப்பில் யாரும் குறை வைப்பதில்லை. மிஷனரியாக அர்ப்பணித்து அனுப்பும் பிரதிஷ்டை ஆராதனையும் நிறைவாக நடக்கிறது. ஆனால், பணித்தளத்தில் கால் வைத்த பிறகு தொடங்க வேண்டிய படிப்புக்கு யாரும் நாள் ஒதுக்குவதில்லை. ஆறாவது மாதமே "எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கடிதம் போய்விடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஓடுபவர் மொழியைப் பாதியில் விட்டுவிடுகிறார்.

ஒரு மொழிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆங்கிலம் பேசும் தன் அலுவலர்களுக்குத் தமிழ் கற்பிக்க அமெரிக்க வெளியுறவுத் துறை 44 வாரம், அதாவது சுமார் 1,100 வகுப்பு நேரம் ஒதுக்குகிறது. மிஷனரிகள் பலர் பின்பற்றும், மொழியியலாளர் கிரெக் தாம்சனின் மொழி கற்கும் முறையில் 6 கட்டங்கள் உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கற்றலில் துணைவராக வைத்துக்கொண்டு முதல் ஐந்தையும் முடிக்க 1,500 மணி நேரம் ஆகும். ஆறாவதற்கு முடிவே கிடையாது. வாரத்துக்கு 20 மணி நேரம் என்றால் 75 வாரம். காய்ச்சல், வீடு மாறுவது, விசாவுக்கு அலைவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு ஆண்டு ஓடிவிடும். அந்த இரண்டு ஆண்டும் பிரசங்கம், கட்டடம், கணக்கு என்று எதையும் அவர் தலையில் சுமத்தக் கூடாது.

இந்த முறையில் முதல் 30 மணி நேரம் பேசவே வேண்டாம், கேட்டால் போதும். மேசையில் பத்துப் பொருள்களைப் பரப்பி, துணைவர் கிண்ணத்தையும் கயிற்றையும் மட்டும் பெயர் சொல்லிக் காட்டுவார். "கயிறு எங்கே?" என்றால் கற்பவர் தொட்டுக் காட்ட வேண்டும். தடுமாற்றம் நின்ற பிறகே மூன்றாவது பொருள். சில நாளில் "கயிற்றைக் கிண்ணத்துக்குள் போடு" என்று வரும்போது வேற்றுமை உருபும் வினையும் தாமாகவே காதில் ஏறியிருக்கும். முதல் நாளே பேசத் துடிப்பவர் தன் தாய்மொழி ஒலியோடு பேசிப் பழகிவிடுகிறார். அதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. பேசத் தொடங்கியதும் நாலு வரியைச் சரியாகப் பழகிக்கொண்டு தெருவில் முப்பது பேரிடம் சொல்ல வேண்டும். அறைக்குள் முப்பது முறை சொல்வதால் அந்தப் பலன் வராது, ஏனென்றால் அங்கே பதில் பேச ஆள் இல்லை.

துணைவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கிலம் தெரிந்த இளைஞர் வசதியாக இருப்பார். ஆனால் அவர் பள்ளிக்கூட நடையைக் கற்றுத்தருவார், மரியாதைக்காகப் பிழைகளையும் விட்டுவிடுவார். "இதை உங்கள் பாட்டி எப்படிச் சொல்வார்?" என்று அவரிடம் தினமும் கேட்க வேண்டும். இதைவிடப் பெரிய கண்ணி மொழிபெயர்ப்பாளர். முதல் ஆண்டில் அவரை வைத்துப் பிரசங்கம் செய்யத் தொடங்கியவர் பிறகு அவரை விட்டு வெளியே வருவது அபூர்வம். இன்னொன்று, கைக்குழந்தை வைத்திருக்கும் மனைவியைப் பயிற்சி அட்டவணையில் சேர்க்காமல் விடுவது. இரண்டு ஆண்டு கழித்துக் கணவர் ஊரோடு பேசிக்கொண்டிருப்பார். மனைவி வீட்டுக்குள் தனித்திருப்பார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாளைக்கு மூன்று மணி நேரம் ஏற்பாடு செய்வதும் மிஷனரிச் செலவுதான்.

பண்பாட்டைக் கற்க ஒரு நோட்டு போதும். இடப் பக்கம் கண்டதும் கேட்டதும், தேதியோடு. வலப் பக்கம் தன் கருத்து. இரண்டையும் கலந்து எழுதினால் ஆறு மாதம் கழித்து எது நடந்தது, எது தன் ஊகம் என்று தெரியாது. "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் சமாளிப்புதான் பதிலாக வரும். "போன முறை சாவு விழுந்தபோது முதலில் யார் வந்தார், பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் விவரம் கொட்டும்.

சொல் தேர்வு ஒரு தலைமுறையோடு முடியாது என்பதற்குத் தமிழ் வேதாகமமே சாட்சி. கடவுளைக் குறிக்க, 18ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871ஆம் ஆண்டு திருப்புதல் 'தேவன்' என்றது. 1995ஆம் ஆண்டு பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. ஒவ்வொரு சொல்லும் தன்னோடு எதைக் கொண்டுவருகிறது என்று கேட்கத் தெரியாதவர் புதிய மொழியில் முதலில் கிடைத்த சொல்லையே பிடித்துக்கொள்வார்.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதிப் பழகினார். அதன் பின்னும் காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை ஒரு புலவரை அருகில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களைப் படித்தார். கற்றதை விடாமல் எழுதியும் வைத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூல் 1867இல்தான் அச்சேறியது. களத்தில் இருப்பவரின் கல்வியை அனுப்பியவர்கள் மதிக்காமல் போவது இன்று தொடங்கியதல்ல.

மூன்றாம் ஆண்டில் வரும் தேக்கம் வெளியே தெரியாது. பிரசங்கம் சரளமாக வரும். ஆனால் இரண்டு பேர் சண்டை போட்டால் புரியாது, ஒப்பாரி புரியாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளூர் மூப்பர் ஒருவர் அவரைச் சோதிக்க வேண்டும்: ஊர்க் கதை ஒன்றைக் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும், சொன்னவர் "ஆமாம், இதுதான்" என்று ஒப்புக்கொள்கிறாரா பார்க்கலாம். மாணவராக இருக்கச் சம்மதிப்பவருக்குத்தான் நட்பு கிடைக்கும். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இந்தியப் போதகர் வேதநாயகம் சாமுவேல் அசரியா மேலைநாட்டு மிஷனரிகளிடம் கேட்டதும் "நண்பர்களைத் தாருங்கள்" என்றுதான். இன்று அனுப்பும் இடத்தில் இருக்கும் நம் சபைகளையும் பார்த்து அதே கோரிக்கை நிற்கிறது.

விடுப்பில் வருபவரை ஞாயிறுதோறும் ஒவ்வொரு சபையாக அலைக்கழிக்காமல், முதல் மாதம் ஓய்வும் அதன் பின் இரண்டு மாதம் படிப்பும் கொடுங்கள். மாத அறிக்கைப் படிவத்தில் 'ஞானஸ்நானம் பெற்றோர் எண்ணிக்கை' என்ற கட்டத்தை முதல் இரண்டு ஆண்டுக்கு நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில் மூன்று கேள்வி போதும்: எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எத்தனை பேரோடு பேசினீர்கள், இந்த மாதம் உங்களுக்குப் புரியாமல் போனது எது?

இப்படிக்கு,
மிஷனரிப் பயிற்சியில் ஈடுபட்டுள்ளோர்