தசமப் புள்ளியை யார் வைப்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பள்ளிக் கணிதம் பற்றி வந்த கட்டுரை 'அன்று மனப்பாடம், இன்று புரிதல்' என்று காலத்தை இரண்டாக வெட்டிவிட்டது. அவ்வளவு சுலபமில்லை. புரிய வைத்துக் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு பழையது. 1957-ல் சோவியத்தின் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்காவில் 'புதிய கணிதம்' வேகம் பிடித்தது. கணங்களும், ஐந்தை அடியாகக் கொண்ட எண்களும் (பத்துப் பத்தாக இல்லாமல் ஐந்தைந்தாக எண்ணும் முறை) சின்ன வகுப்புகளுக்கே வந்துவிட்டன. 7 × 8-ம் 8 × 7-ம் எந்த விதிப்படி சமம் என்று பிள்ளை சொல்லும். 56 என்று சொல்லத்தான் திணறும் என்று அப்போதே கேலி பேசினார்கள். 1970-களில் 'அடிப்படைக்கே திரும்புவோம்' என்றார்கள். 1989-ல் அந்நாட்டுக் கணித ஆசிரியர் சங்கத்தின் தர வரையறைகள் வந்ததும் மறுபடி புரிதல் பக்கம் சாய்ந்தது, மறுபடி சண்டை.

அது கிடக்கட்டும். கணித ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு உறுத்தியது வேறு. லாக் டேபிள் (பெருக்கலைக் கூட்டலாக மாற்றிப் போட உதவிய மடக்கை அட்டவணை) ஒழிந்ததே நல்லது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். ஒழிந்ததில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து போனது என்ன?

47.3 × 0.286 என்று ஒரு பெருக்கல். அட்டவணையில் 473-க்கு .6749, 286-க்கு .4564 என்று தசமப் பகுதி மட்டும்தான் இருக்கும். முழு எண் பகுதியை நாமே போட வேண்டும்: முதலாவதற்கு 1, அடுத்ததற்குத் தலையில் கோடு போட்ட 1, அதாவது −1. கூட்டி, ஆன்ட்டிலாக் (மடக்கையிலிருந்து எண்ணுக்குத் திரும்பும் அட்டவணை) பார்த்தால் 1353. புள்ளி எங்கே? அந்தக் கோட்டை மறந்தால் 13.53 என்பது 1353 ஆகிவிடும். அதனால், முதலிலேயே ஓரமாக '50 × 0.3, ஏறத்தாழ 15' என்று எழுதிக்கொள்ளச் சொல்வோம். ஸ்லைடு ரூலும் (நடுச்சட்டத்தை நகர்த்திப் பெருக்கும் அளவுகோல்) இலக்கங்களைத்தான் காட்டும், புள்ளி நம் பொறுப்பு. 1972-ல் எச்பி-35 கால்குலேட்டர் வந்தது. சில ஆண்டுகளில் ஸ்லைடு ரூலுக்கு வேலை போயிற்று. புள்ளி வைக்கும் வேலையையும் கருவியே எடுத்துக்கொண்டது.

தோராய மதிப்பு இன்றும் பாடத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பிள்ளைகள் முதலில் சரியான விடையைக் கண்டுபிடித்து, அதை முழுதாக்கி, 'தோராய விடை' என்ற கோடிட்ட இடத்தில் நிரப்புகிறார்கள். (கெட்டிக்காரர்கள்!) மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. மேலே சொன்ன பெருக்கலுக்கு 1.35278, 13.5278, 135.278 என்று மூன்று விடைகளைக் கொடுத்து, 'கணக்குப் போடாமலே எவை இரண்டும் தப்பு, ஏன்?' என்று கேட்டால் இந்தத் தந்திரம் செல்லாது. திருத்துவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், உண்மைதான். வினாத்தாள் தயாரிப்பவர்கள் யாராவது இதற்குப் பதில் எழுதினால் வரும் இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்