பேசிக்கில் கைவைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி நிறுவனங்கள் மேனேஜர், கிளைத் தலைவர், நிதிப்பிரிவு அதிகாரி வேலைகளுக்குத் தங்கள் நாளிதழில் கொடுக்கும் விளம்பரங்களில் சம்பளம் பற்றி இருப்பது "தகுதிக்கேற்ப" என்ற ஒரு சொல்தான். நேர்காணலுக்குப் போனால், "சென்னைச் சம்பளத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள், டெல்டாவில் செலவு குறைவு" என்கிறார்கள். வாடகை குறைவுதான், மறுக்கவில்லை. காய்கறியும் வீட்டு வேலைக்கு ஆளும்கூடக் குறைந்த செலவில் கிடைக்கும். ஆனால் காரும் பெட்ரோலும் வெளியூரில் படிக்கும் பிள்ளையின் விடுதிக் கட்டணமும் ஊர் பார்த்துக் குறைவதில்லை. அதனால் குறைப்பதை வாடகைப்படியில் குறைக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் நடப்பது மொத்தச் சம்பளத்தையும் ஒரே சதவீதத்தில் வெட்டுவது. அதில் பேசிக்கும், அதாவது அடிப்படைச் சம்பளமும், சேர்ந்து போய்விடுகிறது.

மத்திய அரசின் ஏழாவது ஊதியக்குழு முறையைப் பாருங்கள். லெவல் 10 என்ற ஊதியநிலையில் சேரும் அதிகாரிக்குத் தொடக்க பேசிக் 56,100 ரூபாய். சென்னையானாலும் திருவாரூரானாலும் அதுவேதான், அகவிலைப்படி விகிதமும் ஒன்றுதான். வாடகைப்படி 2024 ஜனவரி முதல் சென்னையில் 30 சதவீதம், திருச்சியில் 20, தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையில் 10. ரூபாயில் 16,830, 11,220, 5,610. ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த ஒரு படியில் அடங்கிவிடுகிறது; மீதி போக்குவரத்துப்படியில்தான், பேசிக்கில் அல்ல.

தனியார் நிறுவனத்தில் என்ன ஆகிறது? சென்னையில் மாதம் 1,20,000 ரூபாய் வரும் பதவி என்று வைத்துக்கொள்வோம்: பேசிக் 60,000, வாடகைப்படி 30,000, மற்ற படிகள் 30,000. கும்பகோணத்துக்கு 20 சதவீதம் குறைத்து 96,000 என்கிறார்கள். எல்லா இனத்திலும் வெட்டினால் பேசிக் 48,000 ஆகிவிடும். அதே 96,000 ரூபாயை பேசிக் 60,000, வாடகைப்படி 12,000, மற்ற படிகள் 24,000 என்றும் பிரிக்கலாம்.

இரண்டுக்கும் மொத்தம் ஒன்றுதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். முழு பேசிக்குக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டும் நிறுவனமானால், நிறுவனத்தின் 12 சதவீதப் பங்கு முதல் வகையில் 5,760, இரண்டாவதில் 7,200. வருடத்துக்கு 17,280 ரூபாய் வித்தியாசம். வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை), கடைசி பேசிக்கை 26ஆல் வகுத்து 15ஆலும் பணியாற்றிய வருடங்களாலும் பெருக்கி வரும் தொகை. பத்து வருடத்துக்கு 48,000 பேசிக்கில் ஏறத்தாழ 2,76,900, 60,000 பேசிக்கில் 3,46,150. விடுப்பைப் பணமாக்கும்போதும் பல நிறுவனங்களில் பேசிக்தான் கணக்கு. பி.எஃப்.பை 15,000 ரூபாய் உச்சவரம்பில் நிறுத்தி மாதம் 1,800 மட்டும் கட்டும் இடங்களில் முதல் இழப்பு தெரியாது, கிராஜுவிட்டியில் தெரியும்.

நிறுவனத்தின் பக்கமும் சொல்ல வேண்டும். இரண்டாவது வகையில் பி.எஃப்., கிராஜுவிட்டி ஒதுக்கீடு சேர்த்து அவர்களுக்கு மாதம் சுமார் 2,000 ரூபாய் கூடும். ஆனாலும் சென்னைச் செலவோடு ஒப்பிட்டால் மாதம் 24,000 ரூபாய் மிச்சம். இது தாங்க முடியாத சுமை என்று நாங்கள் கருதவில்லை. பேசிக்கை 30 சதவீதத்தில் வைத்து மற்றதையெல்லாம் படியாகக் காட்டும் பழக்கத்துக்கும் இனி பலன் குறைவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மொத்தத்தில் பாதிக்கு மேல் போகும் படிகள் ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும்.

வருமான வரியில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வாடகைப்படி விலக்குக்குச் சென்னையில் பேசிக்கில் 50 சதவீதம், டெல்டாவில் 40 சதவீதம் என்ற வரம்பைக் காட்டி, இங்கே வரியிலும் நஷ்டம் என்கிறார்கள். இங்குள்ள வாடகைக்கு அந்த வரம்பு பெரும்பாலும் குறுக்கே வருவதே இல்லை. கொடுத்த வாடகையில் சம்பளத்தின் (இதற்கு பேசிக்தான் கணக்கு) 10 சதவீதத்தைக் கழிக்கும் விதிதான் வரும். பேசிக் 60,000, வாடகை 10,000 என்றால் விலக்கு 4,000 மட்டுமே. அதுவும் பழைய வரிமுறையில்தான், புதிய முறையில் இந்த விலக்கே கிடையாது.

அதனால் சொந்தக் குடியிருப்பு வைத்திருக்கும் அரிசி ஆலை, கல்லூரி, மருத்துவமனை நிர்வாகங்கள் வாடகைப்படிக்குப் பதில் வீட்டையே கொடுப்பது இருவருக்கும் நல்லது. 2023 செப்டம்பர் முதல் உள்ள விதிப்படி, நிறுவனத்துக்குச் சொந்தமான வீட்டின் வரி மதிப்பு (வரிக்காகச் சம்பளத்தோடு சேர்க்கும் தொகை) சென்னையில் சம்பளத்தில் 10 சதவீதம், திருச்சி உட்பட டெல்டா ஊர்களில் 5 சதவீதம். மேலே சொன்ன கணக்கில் வாடகைப்படி போக 84,000 ரூபாய்க்கு 4,200 மட்டும் வரிக்கு வரும். வாடகைப்படியாக வாங்கினால் புதிய முறையில் 12,000 முழுவதும் வரும். நிறுவனம் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் வீடானால் உண்மை வாடகை, சம்பளத்தில் 10 சதவீதம் இரண்டில் குறைந்தது.

வேலைக்குச் சேர்பவர்கள் ஆஃபர் லெட்டரில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: "திருச்சிக்கோ சென்னைக்கோ மாற்றப்பட்டால் வாடகைப்படி அந்த ஊர் விகிதத்துக்கு உயர்த்தப்படும், பேசிக் மாறாது." இந்த வரி இல்லாமல் மாற்றலாகிப் போனால், குறைந்த வாடகைப்படியோடுதான் சென்னை வாடகை கொடுக்க வேண்டிவரும். அடுத்த நிறுவனமும் கடைசிச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் பேசும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலாளர் பதவிக்கான விளம்பரங்களில் பேசிக் எவ்வளவு, வாடகைப்படி எவ்வளவு என்று இரண்டு எண்களையும் தரும்படி விளம்பரதாரர்களிடம் தங்கள் விளம்பரப் பிரிவு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்குப் பணியாளர்கள் சிலர்,
கும்பகோணம்.