என் பாளைகளைக் காயவிடாதவர்களுக்கு

போன பங்குனியில் பனையிலிருந்து விழுந்து வலது கணுக்காலை உடைத்துக்கொண்டவன் நான். இந்தத் தை கடைசியில் மறுபடி ஏறிவிட்டேன். கேள்விப்பட்டவர்கள் போன் செய்து, உன் வைராக்கியம் பெரிது என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ள கணக்கு வேறு. அதை எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில். அப்பா பனையேறி. நான் பி.காம் முடித்து ஒன்பது வருடம் சென்னையில் மளிகைக் கடையில் நின்றுவிட்டு, ஊருக்குத் திரும்பி அப்பாவின் அரிவாள்பெட்டியை எடுத்துக் கட்டியவன். 22 மரம், எல்லாம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்தது.

விழுந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஐம்பதடியிலிருந்து விழுந்ததாக உடன்குடிப் பக்கம் பேச்சாம். ஐம்பதடியிலிருந்து விழுந்தவன் உட்கார்ந்து மடல் எழுத மாட்டான். காலை ஏழு மணி இருக்கும், பதினான்காவது மரம். பதநீரை இறக்கிக்கொண்டு வருகிறேன். தரைக்கு இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று அடி இருந்தபோது காலில் போட்டிருந்த திளாப்பு, அதாவது நார் வளையம், அறுந்தது. தப்பு என்னுடையதுதான். ஒரு பக்கம் நார் பிசிறு விட்டிருந்ததை முந்தின நாளே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை புதிதாக முறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தேரி மணலில் விழுந்திருந்தால் தூசியைத் தட்டிவிட்டு எழுந்திருப்பேன். விழுந்த இடத்தில் வெட்டிப்போட்ட பழைய பனந்தூர் ஒன்று கிடந்தது.

பக்கத்து விளையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சித்தி, முதல் நன்றி உங்களுக்கு. "எலே, அசையாதல, கெடந்தபடி கெட" என்று அதட்டிக்கொண்டே ஓடி வந்தீர்கள். கருக்குச் சீவின இரண்டு மட்டைத் துண்டைக் காலின் இருபுறமும் வைத்து, முந்தானையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினீர்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டைப் பிரித்த டாக்டர், "இதை யார் கட்டினது?" என்று இரண்டு தடவை கேட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "ரொம்ப சரியா கட்டியிருக்காங்க" என்றார். அந்தச் சேலைக்குப் பதில் சேலை எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறீர்கள். தீபாவளிக்கு விட மாட்டேன்.

வாழைத்தார் பாதி ஏற்றியிருந்த லோடு ஆட்டோவை அப்படியே காலி செய்து என்னைக் கிடத்திக்கொண்டு போன தம்பிக்கு அடுத்தது. எலும்பு கட்டுகிறவரிடம் போய்விடலாம் என்று கூட வந்த இரண்டு பேர் வழி நெடுகச் சொன்னார்கள். என் பாதம் காலோடு சேராமல் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. தம்பி காது கேளாதவர் போல அரசு மருத்துவமனை வாசலில் கொண்டுபோய்த்தான் வண்டியை நிறுத்தினார். சாதாரண முறிவென்றால் அவர் போடும் நாட்டுக் கட்டே போதுமாக இருந்திருக்கலாம், நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் என்னுடையது மூட்டுக்குள் மூன்று இடத்தில் உடைந்திருந்தது.

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. கால் வீங்கிக் கொப்புளம் போட்டிருந்தது. நாள் போகப் போகச் சொந்தக்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள், கவனிக்க ஆளில்லை, தனியாருக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்று. அந்த டாக்டர் கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, வீங்கின தோலைக் கீறினால் மூடாது, சீழ் பிடித்தால் வைத்த தகட்டையே எடுக்க வேண்டி வரும், வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழட்டும் என்று என் அம்மாவுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். சுருக்கம் விழ ஒன்பது நாள் ஆனது. அம்மா தினமும் காலையில் என் காலைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு தகடு, எட்டுத் திருகாணி, இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்க நீளமாக இன்னொன்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குக் கைக்காசு போகவில்லை. அந்த அட்டையை நானாக எடுக்கவில்லை. நான்கு வருடம் முன்பு என்னைத் திட்டித் திட்டி வரிசையில் நிற்க வைத்தது என் மனைவி. அந்தத் திட்டுக்கும் சேர்த்து நன்றி.

இனி சொல்லப்போவதுதான் விஷயம்.

பனையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரம் விடுமுறை தராது. பாளை என்றால் பனையின் பூங்குலை. அதைக் காலையிலும் மாலையிலும் மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் பதநீர் சொட்டும். இரண்டு மூன்று நாள் அரிவாள் படாமல் போனால் சீவின வாய் காய்ந்துவிடும். அந்தப் பாளை அவ்வளவுதான். தையில் மட்டை கழித்து, பாளையைக் கட்டி, கடிப்பு வைத்து இடுக்கிப் பக்குவப்படுத்தின வேலை எல்லாம் வீண். வயலில் நெல்லுக்கு ஒருநாள் தண்ணீர் தள்ளிப் போகலாம், பனையில் அது நடக்காது. நான் பங்குனியில் விழுந்தேன், ஆடி வரை ஊறக்கூடிய மரங்கள். அதாவது என் வீட்டின் ஒரு வருடச் சோறு இரண்டே நாளில் காய்ந்து போயிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் ராத்திரி வலியை விட எனக்கு அந்த எண்ணம்தான். மறுநாள் மதியம் மனைவி சோறு கொண்டு வந்தாள். "விடிலியில அடுப்பு எரிஞ்சாச்சு" என்றாள். விடிலி என்றால் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் குடிசை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் விழுந்த அன்று சாயந்திரமே மூன்று பேர் என் மரங்களைப் பங்கு வைத்துக்கொண்டார்கள். அத்தான் பத்து மரம். மச்சான் ஏழு. பெரியப்பா ஐந்து. அத்தானுக்கும் மச்சானுக்கும் சொந்த மரங்களே முப்பதுக்கு மேல். விடிவதற்கு முன் மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு என் மரங்களை முடித்துவிட்டு, அப்புறம்தான் தங்கள் மரத்துக்குப் போனார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆடி வரைக்கும். வெயில் காலத்தில் ஒரு பனையேறியிடம் கூடுதலாகப் பத்து மரம் ஏறச் சொல்வது என்றால் என்னவென்று அவன் கால் நரம்பைக் கேட்டால் தெரியும்.

பெரியப்பாவுக்கு 67 வயது. மூட்டு வலியென்று நான்கு வருடம் முன்பே ஏறுவதை நிறுத்தியவர். அவர் ஏறுகிறார் என்று கேட்டதும் ஆஸ்பத்திரியில் இருந்தே போனில் சண்டை போட்டேன். "உனக்காக ஒண்ணும் ஏறல. நான் பாளை சீவி ரொம்ப நாளாச்சு, கை ஊறுது" என்று வைத்துவிட்டார். பொய். அவருக்குக் கை ஊறவில்லை. அந்த ஐந்து மரமும் அப்பா ஏறின மரம், அதுதான் காரணம். இதை அவர் முன்னால் சொன்னால் எழுந்து போய்விடுவார், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று பேரும் காசு வாங்கவில்லை. வாரப் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனைவி சொல்லியும், சாயந்திரம் ஆளுக்கு ஒரு ஓலைப்பட்டை பதநீரோடு நிறுத்திக்கொண்டார்கள். காய்ச்சும் வேலையை மனைவியும் மைனியும் பார்த்துக்கொண்டார்கள். சித்திரை வெயிலில் விடிலிக்குள் நின்று காய்ச்சுவது மரம் ஏறுவதற்குக் குறைந்த வேலை என்று யாராவது சொன்னால், ஒருநாள் வந்து துடுப்பைப் பிடித்துப் பார்க்கட்டும். பொங்கி வழியாமல் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட வேண்டும், பதம் தவறினால் சிரட்டையில் ஊற்றினது கட்டியாகாது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பையன் சிரட்டை கழுவினான். போன வருடம் எங்கள் வீட்டில் வந்த கருப்பட்டி முந்தின வருடத்தை விட நாற்பது கிலோ குறைவு. நாற்பதே கிலோ!

மரத்துக்காரர் பாட்டப் பணத்தைப் பாதியாகக் குறைத்தார். "பனை எங்க ஓடிரப் போவுது, அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். கருப்பட்டி வாங்கும் வெளியூர்க்காரர்கள் பலர் சரக்கு வருவதற்கு முன்பே பணம் அனுப்பினார்கள். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கம் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் குறியீடு மரம் ஏறாது. ஏறுகிறவன் கீழே கிடக்கும்போது முன்பணம் அனுப்பின நீங்கள்தான் அந்த வருடம் எங்கள் அடுப்புக்கு விறகு.

ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது. மூன்றாம் மாதம் அந்த நீளத் திருகாணியை எடுத்தார்கள். கம்பு ஊன்றி நடந்தேன். சரி, நடை வந்துவிட்டது, மரமும் வந்துவிடும் என்று நினைத்தேன். பிசியோதெரபி டாக்டரம்மா கோணமானியை வைத்து அளந்தார். இடது கணுக்கால் மேல்நோக்கி இருபது பாகை மடங்கியது, வலது மூன்று. தெருவில் நடக்க அது போதும் போல. பனைக்குப் போதாது. மரத்தில் உள்ளங்கால் உள்பக்கம் திரும்பிக் கவ்வ வேண்டும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பாதத்தின் மேல் சாய வேண்டும், உடம்பின் மொத்தக் கனமும் அந்த மடிப்பில்தான் நிற்கும். இதைச் சொல்லத் தெரியாமல், ஆஸ்பத்திரி வராந்தாத் தூணைக் கட்டிப்பிடித்துக் காட்டினேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் அந்தப் பிடிக்கென்றே பயிற்சிகளை யோசித்து வைத்திருந்தார். சுவருக்கு எதிரே நின்று குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுவது. மடித்த சாக்கின் மேல் ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்பது. கட்டைவிரலால் காற்றில் எழுதுவது. "ஆனா ஆவன்னாவே எழுதுங்க, எல்லா எழுத்தையும் எழுதணும்" என்றார். ஞகர வரிசை வந்தால் கால் பின்னிக்கொள்ளும். 247 எழுத்து இருக்கிற மொழியில் பிறந்ததற்கு அந்த மாதங்களில்தான் முதல்முறையாக வருத்தப்பட்டேன். கார்த்திகையில் பதினைந்து பாகை வந்தது. அதற்கு மேல் வராது என்று நேராகச் சொன்னார், அதற்கும் நன்றி. பொய்யான தைரியம் சொல்லியிருந்தால் இன்னொரு தரம் விழுந்திருப்பேன்.

தென்னை ஏறும் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த சென்னை நண்பனை மறக்கவில்லை. எங்கள் பனையின் அடிமரம் பருத்தது, முருக்குத்தடி சாத்தித்தான் அந்த இடத்தைத் தாண்டுவோம். அந்தக் கருவி அங்கேயே நின்றுவிட்டது. இப்போது கோழி அடைகிறது. மனசுக்கு நன்றிடா.

நிவாரணம் கேட்டுப் போன அலுவலகம் ஒன்றில், மரத்திலிருந்துதான் விழுந்தீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். மூன்று தடவை அலைந்துவிட்டு விட்டுவிட்டேன். அதைப் பேசும் இடம் இது இல்லை.

அம்மா. நான் மறுபடி ஏறக்கூடாது என்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவர் அம்மா ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் ஏறு ஏறு என்றபோது, வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் இருந்ததும் எனக்கு வேண்டியிருந்தது. அவருக்குப் பயந்துதான் மார்கழியில் ஏறாமல் தை வரை பொறுத்தேன். டாக்டரம்மா சொன்ன தேதியும் அதுதான், ஆனால் அம்மா இல்லாவிட்டால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

தை கடைசியில், விடிலிக்குப் பின்னால் நிற்கும் கோணப்பனை. சாய்ந்த மரம், உயரமும் குறைவு. திளாப்பைப் பெரியப்பா புதிதாக முறுக்கிக் கொடுத்தார், கொடுக்கும் முன் தன் காலில் போட்டு இழுத்துப் பார்த்தார். பாதி மரம் போனேன். தகடு இருக்கிற இடத்தில் உள்ளே குளிர்ந்த மாதிரி ஒரு வலி. மேலே பார்த்தேன், ஓலை சலசலத்தது. வைராக்கியம் எல்லாம் ஒன்றும் வரவில்லை, கால் நடுங்கியது. இறங்கிவிட்டேன். கீழே நின்றவர்கள் யாரும் கை தட்டவில்லை, தட்டியிருந்தால் அழுதிருப்பேன். "நாளைக்கு மீதி" என்றார் பெரியப்பா. மறுநாள் மீதி.

இந்த வருடம் எட்டு மரம்தான் எடுத்திருக்கிறேன். அப்பாவின் ஐந்தும் அதில் சேர்த்தி, பெரியப்பாவை மரத்திலிருந்து இறக்க வேறு வழி தெரியவில்லை. ஈரமான காலையில் ஏறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த நாரையும் தள்ளிப் போடுவதில்லை.

அத்தான் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பந்தக்கால் நட்டதிலிருந்து மறுவீடு வரை பத்து நாள் அவரால் ஏற முடியாது. மச்சானும் நானும் பேசிவிட்டோம். மேட்டுப்பனைகளை அவர் பார்த்துக்கொள்வார், கிணற்றடியில் உள்ள குட்டையான ஆறு மரம் எனக்கு. அத்தான், நீங்கள் பத்திரிகை வைக்கிற வேலையைப் பாருங்கள். அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறேன்.