எந்தச் சிவப்பு?

மட்டக்களப்பு
மார்கழி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. படங்களை மறக்காமல் அனுப்பு. இங்கே விடாத மழை. வாவிக்காற்றின் ஈரத்தில் நான் வர்ணம் பூசும் பொம்மைச் சிப்பாய்கள் காய மறுக்கிறார்கள். அடுத்த பூச்சுக்குள் என் பொறுமைதான் காய்ந்துவிடுகிறது.

1803இல் கண்டியில் சிக்கிய பிரித்தானிய 19ஆவது படைப்பிரிவு முழுவதற்கும் குப்பியில் உள்ள சிவப்பை அப்படியே பூசப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மச்சான். சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்குச் சாயம் கொடுத்தது நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேர். மலிவு, செங்கல் சாயல். அதிகாரியின் கோட்டுக்கோ கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியின் சாயம், பளீரென்று எரியும். இரண்டு சிவப்பும் ஒரே வரிசையில் நிற்கட்டும். யாருக்குச் சம்பளம் அதிகம் என்று சொல்லாமலே விளங்கும். மலைநாட்டு மழையில் நனைந்த கோட்டு இன்னும் மங்கியிருக்கும் என்பதால், நான் சிவப்பில் சற்று மண்ணிறம் கலந்து, முதுகுப்பையின் வார் உரசும் தோளில் மட்டும் வெளிறலாக ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறேன். கொலரும் கைமடிப்பும் பச்சை. அதில் மட்டும் கைவைக்காதே, அந்தப் படைப்பிரிவின் அடையாளமே அதுதான்.

இரண்டரை சென்ரிமீற்றர் உயர மனிதனுக்கு உண்மைத் துணியின் நிறத்தையே கொடுத்தால் கறுத்துத்தான் தெரிவான். அதற்காக வெள்ளையைக் கலந்தால் சிவப்பு ரோஸ் ஆகிவிடும். ஒரு துளி செம்மஞ்சள் போதும். அருங்காட்சியகக் கோட்டைப் பார்த்து நிறம் பிடிப்பதானால், வெளிச்சம் படாத மடிப்புக்குள் பார். வெளிப்புறம் வெளுத்துப்போயிருக்கும்.

நான் இப்போது 1638இல் இருக்கிறேன். இங்குள்ள புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்டின் ஆட்கள். சீருடை என்ற வழக்கம் அவர்களிடம் வேரூன்றாத காலம். பழுப்பு, சாம்பல், வெளுத்த நீலம் என்று ஆளுக்கொரு நிறம் பூசலாம். பெட்டியிலுள்ள படத்தில் எல்லோருக்கும் ஒரேமாதிரிச் செம்மஞ்சள் கச்சை. பாடசாலை விளையாட்டுப்போட்டி அணிநடை போல இருக்கிறது. நான் இரண்டு பேருக்கு மட்டும் கட்டியிருக்கிறேன்.

வைகாசியில் வரும்போது மங்கிய பச்சைக் குப்பி ஒன்று கொண்டுவா. இங்கே கடையில் கிடைப்பது முச்சக்கரவண்டிக்கு அடிக்கிற பச்சைதான்.

அன்புடன்,
உன் மச்சான்