கேசுவரினாவும் சவுக்கும்: பிளஸ் டூ படிக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மாப்ளே,

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது உன் மேஜையில் ஒரு தாள் கிடந்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன தாள். மேலே ‘காமன் பாராகிராஃப்’ என்று போட்டிருந்தது. இங்கிலீஷ் புத்தகத்தில் எந்தப் பாடத்திலிருந்து ஐந்து மார்க் கேள்வி வந்தாலும் இதையே எழுதிவிடலாமாம். பாடத்தின் பெயருக்கு ஒரு கோடு, ஆசிரியர் பெயருக்கு ஒரு கோடு, மற்றதெல்லாம் அப்படியே. ‘ஆசிரியர் தம் கருத்தை மிக அழகாக விளக்குகிறார்.’ ஹில்லாரி எவரெஸ்ட்டில் ஏறினாலும் சரி, ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல் டீ போட்டாலும் சரி, மிக அழகாகத்தான் விளக்குகிறார்கள். நான் சிரித்தேன். நீ முறைத்துக்கொண்டு, “பாஸாக இது போதும் மாமா” என்றாய்.

போதும், மறுக்கவில்லை. 90 மார்க் கேள்வித்தாளில் ஒரு மார்க் கேள்விகளே 20. மீதியைக் கோடு நிரப்பித் தேற்றிவிடலாம். ஆனால் அந்த வழியில் போனவன் கதையைக் கொஞ்சம் கேள்.

என் காலத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், 200 மார்க். பிளஸ் டூ மொத்தம் 1200. கைடில் இருந்த பாராகிராஃபை எல்லாம் கமா, புள்ளியோடு மனப்பாடம் செய்து 171 வாங்கினேன். தெருவில் பெருமைதான். கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்த அடுத்த வருஷம் உன் அம்மாவுக்குக் கல்யாணம். லீவு லெட்டர் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு லெட்டர், காய்ச்சல் லெட்டர். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ அக்கா கல்யாணத்துக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து பந்தி பரிமாறினேன். திரும்பிப் போனதும் வாத்தியார் அக்கறையாக ஆங்கிலத்தில் விசாரித்தார், இப்போது உடம்பு எப்படியிருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று. அந்தக் கேள்விக்குப் பதில் லெட்டரில் இல்லை. கையில் மருதாணியோடு நின்றேன்.

சரி, உன் புத்தகத்துக்கு வருகிறேன். நீ தூங்கிய பிறகு அதை எடுத்துப் புரட்டினேன். எங்கள் காலத்துப் புத்தகத்தைவிட இது எவ்வளவோ மேல். 2019-ல் வந்தது, யாரோ ரசித்துத்தான் தொகுத்திருக்கிறார்கள்.

தோரு தத் எழுதிய கவிதை இருக்கிறதே, கேசுவரினா மரத்தைப் பற்றி. அந்த மரம் எப்படி இருக்கும் என்று உன்னைக் கேட்டேன். ஏதோ வெளிநாட்டு மரம் என்றாய். மாப்ளே, அது சவுக்கு! கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாயே, காற்றடித்தால் ஹோவென்று ஒரு சத்தம் வருமே, அதேதான். அந்த மரத்தை மலைப்பாம்பு மாதிரி ஒரு கொடி சுற்றியிருக்கிறது என்று கவிதை தொடங்குகிறது. எழுதின பெண் கொல்கத்தாக்காரி. 1856-ல் பிறந்து 21 வயதில் இறந்துபோனவள். கூட அந்த மரத்தடியில் விளையாடிய அண்ணனும் அக்காவும் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். மரத்தின் முனகல் அவளுக்கு வேறு மாதிரி கேட்காமல் என்ன செய்யும்? உன் கைடில் இந்தக் கவிதைக்கு எதுகை அமைப்பும் உவமையும் கொடுத்திருக்கிறார்கள். சவுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆர்வெலின் டீ கட்டுரையும் அப்படித்தான். 1946 ஜனவரியில் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதியது. போர் முடிந்தும் அங்கே டீத்தூள் ரேஷனில்தான் கிடைத்தது. அந்தத் தட்டுப்பாட்டில் உட்கார்ந்து நல்ல டீக்குப் பதினோரு விதி எழுதுகிறார் மனுஷன். டீயை ஊற்றிவிட்டுத்தான் பாலை ஊற்ற வேண்டுமாம், சீனி கூடவே கூடாதாம். நம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். இதைப் பற்றி உன்னால் ஐந்து வரி சொந்தமாக எழுத முடியாதா? தினமும் இரண்டு டீ குடிக்கிறவன்தானே நீ. தப்பும் தவறுமாக வரட்டும், இலக்கணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குத் தாங்காமல் போனது ‘தி சேர்’ பாடம்தான். அதன் ஓரத்தில் நீ பென்சிலால் ‘இம்பார்ட்டன்ட் இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறாய். எழுதியவர் யார் தெரியுமா? கி. ராஜநாராயணன். இடைசெவல்காரர். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி பஸ் ஏறினால் வழியில் வருகிற ஊர். 2021-ல் அவர் புதுச்சேரியில் இறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது அந்த இடைசெவலில்தான். அவருடைய ‘நாற்காலி’ கதையின் மொழிபெயர்ப்புதான் உன் பாடம். நாற்காலியே இல்லாத வீட்டுக்குச் சூட்டு பூட்டோடு ஒரு சப்ஜட்ஜ் வருகிறார், முக்காலியில் உட்கார்ந்து உருண்டு விழுகிறார். அவமானம் தாங்காமல் நாற்காலி செய்கிறார்கள், வீட்டுக்கு ஒன்று, மாமா வீட்டுக்கு ஒன்று. அப்புறம் ஊரில் யாராவது செத்தால் உட்கார்த்தி வைக்க அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வந்த நாற்காலியில் உட்கார எவனுக்கும் தைரியமில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் மாமாவைக் கேலி செய்கிற இடங்களை மட்டும் நீ படித்துவிடாதே, என் மானம் போகும்.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். கரிசல்காட்டுப் பேச்சு ஆங்கிலத்துக்குப் போகும்போது எதெல்லாம் கூட வருகிறது, எது படி தாண்டாமல் நின்றுவிடுகிறது என்று பார்க்க உனக்குத்தான் தகுதி அதிகம். உனக்கு இரண்டு பாஷையும் தெரியும், அந்தப் பேச்சும் உன் வீட்டுப் பேச்சு. இதே பாடத்தைப் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வசதி கிடையாது.

காமன் பாராகிராஃபைக் கிழிக்கச் சொல்லவில்லை. பரீட்சை அன்றைக்குக் கை நடுங்கினால் ஆகும், பையில் இருக்கட்டும். வருகிற ஞாயிறு தமிழ் ‘நாற்காலி’யோடு வருகிறேன். நீ ஆங்கிலத்தை வாய்விட்டுப் படி, நான் தமிழைப் படிக்கிறேன், பத்தி பத்தியாக. உன் அம்மாவையும் உட்கார வை. கல்யாணத்துக்கு நான் போட்ட காய்ச்சல் அவளுக்கு இன்னும் தெரியாது. டீ நீ போடு, சீனி தூக்கலாக.

அன்புடன்,
உன் மாமா