காணிக் குடியிருப்பும் ஒரு தீவுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் செயற்கைக்கோள் வழியாக இணையம் போவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2024 நவம்பரில் ஏவிய ஜிசாட்-என்2 செயற்கைக்கோளைப் பற்றி விவரமாக எழுதியிருந்தீர்கள். 4,700 கிலோ எடை. நம் ராக்கெட்டால் அவ்வளவு பாரத்தைத் தூக்க முடியாது என்பதால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஃபால்கன்-9 ராக்கெட்டில் ஏற்றினார்கள். பணகுடியில் வேலை பார்த்த நாட்களில் மகேந்திரகிரிப் பக்கமிருந்து வரும் ராக்கெட் எஞ்சின் சோதனையின் முழக்கத்தைக் கேட்டவள் நான். இந்த மாதிரி ஒரு செயற்கைக்கோள் நம் ராக்கெட்டிலேயே போகும் நாளைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அந்தக் கோளிலிருந்து, ஒவ்வொன்றும் ஒரு பகுதியை நோக்கி, 32 சிக்னல் கற்றைகள் இறங்குகின்றன. அவற்றில் எட்டு கற்றைகள் வடகிழக்கு மாநிலங்களுக்கு, மீதி 24 நாட்டின் மற்ற பகுதிகளுக்கு. அந்த 'மற்ற பகுதி'யில் எங்கள் பொதிகை மலையும் வருகிறது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறேன். பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறினால் காரையாறு, சேர்வலாறு, மயிலாறு என்று காணி என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் போகிற குடியிருப்பில் போனில் சிக்னல் கிடைக்காது. கொஞ்ச தூரம் மேலே ஏறினால் ஒரு பாறை இருக்கிறது, அங்கே நின்றால் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது அந்தப் பாறைதான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம். யானை நடமாடுகிற இடம் அது. கல்லூரியில் சேர்ந்த ஒரு பெண், உதவித்தொகை விண்ணப்பத்தைப் பாறையில் உட்கார்ந்து நிரப்பி, அனுப்பும் நேரத்தில் சிக்னல் போய், கடைசித் தேதியைத் தவறவிட்டாள். "டீச்சர், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அன்று பஸ்ஸில் இறங்கி வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

போர்ட் பிளேருக்குக் கடலடியில் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில், சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர். லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கேபிள் 2024 ஜனவரியில். அதற்கு முன்னால் இந்தத் தீவுகள் முழுக்கக் கோளைத்தான் நம்பி இருந்தன. கேபிள் வந்த பிறகும் கோள் தேவைப்படுகிறது. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா தீவின் கேபிள் அறுந்தபோது, அந்த நாட்டுக்குக் கைகொடுத்தது செயற்கைக்கோள்தான். நம் மலைக்கு எந்தக் கேபிளும் வரப்போவதில்லை. காப்பகத்துக்குள் குழி தோண்டவும் டவர் நடவும் அனுமதி வாங்குவது எளிதல்ல, காட்டுக்கு அது நல்லதும் அல்ல. கோளின் சிக்னலைப் பிடிக்கும் டிஷ்ஷுக்கு மறைப்பில்லாத வானமும் ஒரு சோலார் பலகையும் போதும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கோள் ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது, சுற்றி நிற்கிற மலை மறைக்காது. மரக்கிளை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் பேசினால் பதில் அரை நொடி தாமதித்து வரும். விண்ணப்பம் அனுப்பவும் பாடம் பார்க்கவும் அது ஒரு தடையே இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது இந்தக் கோள் பயன்படுத்தும் கே.ஏ. (Ka) என்ற அலைவரிசை தளர்ந்துபோகும் என்பது உண்மை. ஆனால் மழை விட்டதும் இணைப்பு தானாக வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது ஏரலில் இருந்த என் அக்காவோடு மூன்று நாள் பேச முடியவில்லை. மழை நின்ற பிறகும் முடியவில்லை, ஏனென்றால் டவருக்குக் கரண்ட் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அக்கா உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் மூன்று இரவு விழித்திருந்தேன். அவள் தெருவில் ஒரே ஒரு டிஷ்ஷும் பேட்டரியும் இருந்திருந்தால் மழை விட்டதுமே தெரிந்திருக்கும். அன்று ஏரலும் ஒரு தீவாகத்தான் கிடந்தது.

அப்புறம் ஒன்று. டிஷ்ஷை நட்டுவிட்டுப் போனால் மட்டும் போதாது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் கோளை அனுப்பினார்கள். நான் அப்போது வேலை பார்த்த பள்ளிக்கு ஒரு டிஷ்ஷும் டிவியும் வந்தன. முதல் நாள் பிள்ளைகள் கைதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு வருஷம் ஓடியது. பேட்டரி செத்தது. மாற்றித் தரச் சொல்லி எழுதினோம், எழுதிக்கொண்டே இருந்தோம். பேட்டரி யார் பொறுப்பு என்று எந்த உத்தரவிலும் இல்லையாம். டிஷ்ஷில் காக்கை கூடு கட்டியது, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. மேலே கோள் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அதனால் நான் கேட்பது இது: ஒவ்வொரு காணிக் குடியிருப்பிலும் பள்ளியிலோ பொது இடத்திலோ ஒரு டிஷ். அதைப் பார்த்துக்கொள்ள அந்தக் குடியிருப்பின் பையனோ பெண்ணோ ஒருவருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும். மாதக் கட்டணத்துக்கும் பேட்டரிக்கும் எந்தத் துறை பணம் கொடுக்கும் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். காட்டில் எந்தத் தேன் எந்தப் பாறையில் என்று அறிந்த பிள்ளைகளுக்கு ஒரு டிஷ்ஷைத் திருப்பி வைக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறோம். குடியிருப்பிலிருந்து பெரியவர்கள் சிலரும், விண்ணப்பம் தவறிய அந்தப் பெண்ணும் வருகிறார்கள். இதுபோன்ற மலையிலோ தீவிலோ டிஷ் வைத்துப் பல வருஷம் ஓட்டிக்கொண்டிருக்கிற வாசகர்கள் யாராவது இருந்தால், பேட்டரிச் செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். மனுவோடு அதையும் சேர்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி மாவட்டம்