பாலியில் பார்க்காத எரிமலைக்குப் பணம் திரும்பக் கோரி மூன்றாவது கடிதம்

12.05.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் இரண்டு கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, பணத்தைக் கேட்டேன்.

மார்ச் 27 முதல் 31 வரை பாலி சுற்றுலா. எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து 1,62,000 ரூபாய் கட்டினோம். மூன்றாம் நாள், அதாவது 29ஆம் தேதி சனிக்கிழமை, பாத்தூர் எரிமலை என்றும் கிந்தாமணியில் மதிய உணவு என்றும் உங்கள் பயணத் திட்டத்தில் இருந்தது. அன்று நியெபி, பாலி இந்துக்களின் மௌன நாள். வருடம் முழுக்க பாலிக்கு ஆள் அனுப்புகிற உங்களுக்கு அது என்ன நாள் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சக ஆண்டு 1947 பிறக்கும் நாள். காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை யாரும் தெருவில் இறங்கக் கூடாது, விளக்கு எரியக் கூடாது, விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். அந்த நாளில் எந்த வண்டியில் எங்களை மலைக்கு ஏற்றுவதாக இருந்தீர்கள்? விடுதி வாசலுக்கு வந்தபோது ஊர்க்காவலர் ஒருவர் கைகூப்பி எங்களை உள்ளே அனுப்பினார். அந்த மரியாதைகூட உங்கள் அலுவலகத்தில் கிடைக்கவில்லை.

(அன்றிரவு தீவே இருண்டு கிடந்ததால் வானம் முழுக்க நட்சத்திரம். அதற்குத் தனியாகப் பில் அனுப்பிவிடாதீர்கள்.)

31 ஆண்டுகள் புவியியல் ஆசிரியையாக இருந்தவள் நான். எரிமலை உள்ளே இடிந்து விழுந்து பெரும் பள்ளமாகும், பள்ளத்தில் ஏரி தேங்கும், நடுவிலிருந்து புது மலை ஒன்று முளைக்கும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை கால்டெரா படம் வரைந்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தப் பயணம். கடற்கரை எங்களுக்குத் தஞ்சாவூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். 1,717 மீட்டர் மலையில் ஏற வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை; பெனெலோகான் மேட்டில் நின்று பார்த்தால் போதும் என்றுதான் பதிவு செய்யும்போதே சொன்னேன். 1926 வெடிப்பில் ஊரும் கோயிலும் புதையுண்ட பிறகு, மேல் விளிம்பில் மறுபடி கட்டிய உலுன் டானு கோயிலையும் பார்க்க ஆசைப்பட்டேன்.

30ஆம் தேதி, அன்றைய திட்டத்தில் இருந்த தனா லோட் கடற்கோயிலை விட்டுக்கொடுத்து, எங்களை மலைக்கு அழைத்துப்போகக் கெஞ்சினோம். ஒன்பது மணிக்குக் கிளம்பிய வண்டி முதலில் செலுக் கிராமத்தில் வெள்ளி நகைக் கடை வாசலில் நின்றது. அடுத்து லுவாக் காப்பித் தோட்டம். அங்கே புனுகுப்பூனையைக் கூண்டில் காட்டி, அதன் எச்சத்திலிருந்து எடுத்த கொட்டையில் போட்ட காப்பியை நீட்டினார்கள். கும்பகோணம் டிகிரி காப்பி குடிக்கிற மனுஷர் என் கணவர். அவர் முகம் போன போக்கை எழுத முடியாது. ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன், பாவம். நீங்கள் கொடுத்த தாளைத்தான் காட்டினார். அதில் கடைகள் மட்டும் ஒன்றும் விடுபடவில்லை. பெனெலோகான் சேர்ந்தபோது மணி மூன்றரை. மலை, ஏரி, 1968 எரிமலைக் குழம்பின் கறுப்பு எதுவுமே தெரியவில்லை. வெள்ளைத் திரை. நாற்பது நிமிடம் நின்றோம்.

ஊர் திரும்பி உதவி எண்ணை அழைத்தேன். ஏப்ரல் 4, காலை 11.20, குறித்து வைத்திருக்கிறேன். "மலை மேல் மேகம் வந்தால் நாங்கள் என்ன ஊதிவிடவா முடியும்? யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் உங்கள் ஊழியர். என் மாணவனாக இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். அதையும் பொறுத்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் தாங்கவில்லை: புகாரை 24 மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லையாம், ஆகவே செல்லாதாம். நியெபியன்று தீவு முழுக்கக் கைப்பேசி இணையத்தை நிறுத்திவிடுகிறார்கள், ஐயா! வாட்ஸ்அப்பை நான் புறாவின் காலில் கட்டி அனுப்பியிருக்க வேண்டுமா?

சொல்ல மறந்தேன். "எல்லாம் அடக்கம்" என்ற தொகையில் ஆளுக்கு 1,50,000 இந்தோனேசிய ருப்பியா சுற்றுலா வரி அடங்கவில்லை. அது 2024 பிப்ரவரியிலிருந்தே உள்ள வரி. விமான நிலையத்தில் வரிசையில் நின்று கட்டினோம்.

இதற்காகத் திருச்சியிலுள்ள உங்கள் கிளைக்கு இரண்டு முறை வந்தேன். முதல் முறை மேலாளர் இல்லை. இரண்டாம் முறை மேலாளர் இருந்தார், கணினி இல்லை. பஸ் செலவும் முட்டி வலியும் மிச்சம். கடைசியில் அடுத்த பயணத்துக்கு 2,000 ரூபாய் கூப்பன் நீட்டினார்கள். 64 வயதில் எனக்கு அடுத்த பயணம் எது என்று உங்களுக்கே தெரியும். அங்கே கூப்பன் செல்லாது.

29, 30 ஆகிய இரண்டு நாள்களுக்கான தொகையையும் சுற்றுலா வரியையும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மே 31க்குள் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, எங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். அங்கே வாதாட வக்கீல் தேவையில்லை. வரைபடத்துடன் நானே விளக்குவேன். பயணத் திட்டத்தின் நகலும் நகைக் கடை, காப்பித் தோட்டத்தில் எடுத்த படங்களும் இணைத்துள்ளேன். எரிமலைப் படம் இணைக்கவில்லை. காரணம் மேலே உள்ளது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தஞ்சாவூர்